இழுத்த இழுப்புக்கு வரும் துணி

பாறை ஏறுவதற்கும் உதவும், மறுநாள் காலையில் ஆபீசுக்கும் போட்டுக்கொண்டு போகலாம் என்று சொல்லி ஒரு ஜீன்ஸ் கால்சட்டையை விற்கிறார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பாறையேறுகிறவர்களிடையே இதற்கு நல்ல மவுசு. பார்வைக்குச் சாதாரண நீல டெனிம்தான். ஆனால் இழுத்தால் நீள்கிறது. விட்டால் பழையபடி சுருங்கிக்கொள்கிறது. இரண்டு காரியத்துக்கு ஒரே உடை என்றால் சிக்கனம்தானே? எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் இரண்டு காரியம் செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் எதையும், மனிதனாகட்டும், நாவலாகட்டும், கால்சட்டையாகட்டும், சற்று நிறுத்தி விசாரிப்பது நல்லது. நான் விசாரிக்க விரும்புவது ஒரே விஷயம்: இந்தக் கால்சட்டையின் சாமர்த்தியம் நூலில் இருக்கிறதா, தையலில் இருக்கிறதா?

ஜீன்ஸ் பிறந்த கதையே ஒரு தையற்காரரின் கதைதான். நெவாடா மாநிலத்து ரீனோ என்ற ஊரில் ஜேக்கப் டேவிஸ் என்று ஒருவர் இருந்தார். உடலுழைப்பாளிகளின் கால்சட்டை முதலில் கிழிவது பையின் மூலையில்தான் என்று அவருக்குத் தெரியும். கிழிகிற இடம் எதுவோ அந்த இடத்தில் ஒரு செப்பு ரிவெட்டை அடித்தார். தமக்குத் துணி விற்ற சான் பிரான்சிஸ்கோ வியாபாரி லீவை ஸ்ட்ராஸைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, 1873 மே 20ஆம் தேதி அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். எங்கே உடம்பு துணியைச் சோதிக்கிறது என்று பார்த்து, அங்கே மட்டும் கைவைப்பது என்பதுதான் அந்த யோசனையின் அழகு. பழைய லீவைஸ் கால்சட்டைகளில் கவட்டிலும் ஒரு ரிவெட் இருந்தது. இரண்டாம் உலகப்போரின்போது உலோகத்தை மிச்சம்பிடிக்க வேண்டி அதை எடுத்துவிட்டார்கள். ரிவெட் போயிற்று, பிரச்சினை போகவில்லை. நான்கு தையல்கள் வந்து ஒரே புள்ளியில் முட்டிக்கொள்ளும் அந்த இடம்தான் கால்சட்டையின் உயிர்நிலை.

டெனிமின் குணத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் பாவு நூல் நீலம். ஊடை நூல் வெள்ளை. நெசவு சாய்வரியாக ஓடுவதால் நீலம் வெளிப்பக்கமும் வெள்ளை உள்பக்கமும் தங்குகிறது. அவுரிச் சாயம் நூலின் மேல்தோலோடு நின்றுவிடும், நடுவரை இறங்காது. ஆகையால் உரசல்பட்ட இடமெல்லாம் வெளுக்கிறது. முழங்கால் எங்கே மடங்கிற்று, பையில் எதை வைத்திருந்தார், எப்படி உட்கார்ந்தார் என்பதையெல்லாம் இரண்டு வருஷத்தில் துணியே எழுதிவைத்துவிடும். முதல் நாள் விறைப்பாக எதிர்த்து நிற்கும்; போகப்போக ஒருவருடைய உடம்புக்கு மட்டும் படியும். இந்தப் பிடிவாதம்தான் அதன் யோக்கியதை.

பாறையேறுகிறவருக்கு இந்தப் பிடிவாதம் சங்கடம். இடுப்பு உயரத்தில் ஒரு பிடிப்பு. அதில் பாதத்தைத் தூக்கி வைக்க வேண்டும். முழங்கால் மார்பைத் தொடுகிறது. மற்றக் கால் கீழே நீண்டு நிற்கிறது. சாதாரண ஜீன்ஸ் தொடையில் பிடித்துக்கொண்டு, கவட்டில் இழுத்து, காலைக் கீழே தள்ளுகிறது. கை விரல்கள் கெஞ்சுகிற சமயத்தில் கால்சட்டையோடும் மல்லுக்கு நிற்க யாரால் முடியும்?

இதற்கு இரண்டு மருந்துகள் உண்டு. முதலாவது நூலில் செய்வது. 1958இல் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனியைச் சேர்ந்த ஜோசப் ஷைவர்ஸ் ஸ்பாண்டெக்ஸ் இழையைக் கண்டுபிடித்தார். லைக்ரா என்பது அந்தக் கம்பெனி வைத்த வியாபாரப் பெயர். பெண்களின் இறுக்கமான உள்ளாடைகளில் ரப்பருக்குப் பதிலாக வைக்கத்தான் அது பிறந்தது. தன் நீளத்தைப்போல ஐந்து மடங்கு நீண்டும் அறாமல் திரும்பி வரும். இந்த இழையை நடுவில் வைத்து, மேலே பஞ்சைச் சுற்றி நூற்று, அந்த நூலை டெனிமில் ஊடையாக ஓட்டுகிறார்கள். நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்கு இருந்தால் போதும், துணி இளகிவிடும்.

அந்த 1958ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் தேதிதான் வாரன் ஹார்டிங்கும் அவர் சகாக்களும் கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் எல் காப்பிடான் பாறையின் நோஸ் என்ற வழியை முதன்முதலாக ஏறி முடித்தார்கள். ஏறக்குறைய 900 மீட்டர் உயரச் செங்குத்துச் சுவர். அப்போது ஸ்பாண்டெக்ஸ் கலந்த துணி கடைக்கு வந்திருக்கவில்லை. இழுபடும் நூல் இல்லாமல் பாறை ஏற முடியாது என்று விளம்பரம் சொன்னால், இதை ஒரு தரம் நினைத்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது மருந்து தையலில் செய்வது. நான்கு தையல்கள் முட்டும் அந்தப் புள்ளியை அகற்றிவிட்டு, அங்கே சாய்சதுரமாக ஒரு துணித் துண்டைச் சேர்ப்பது. ஒரு புள்ளியில் விழுந்த பாரம் நான்கு மூலைகளுக்குப் பிரிந்துவிடுகிறது. இரண்டு கால்களும் விலகுவதற்கு வேண்டிய துணியும் கிடைத்துவிடுகிறது. யோசெமிட்டியில் ஏறிப் பழகிய மைக் கிரஹாம் 1982இல் தொடங்கிய கிராமிச்சி என்ற நிறுவனத்தின் கால்சட்டைகள் இந்தக் கவட்டுத் துண்டினால்தான் பெயர் எடுத்தன. செலவென்று பார்த்தால் ஒரு சாண் துணி, கொஞ்சம் கூடுதல் தையல். ஆனால் உடம்பு எப்படி அசைகிறது என்று தெரிந்தவர்தான் அதைச் சரியாக வைக்க முடியும்.

இரண்டையும் ஒப்பிட்டால் என் அபிப்பிராயம் தையலின் பக்கம் சாய்கிறது. ஊடையில் மட்டும் நீளும் இழையை வைத்த துணி குறுக்கேதான் நீளும், நெடுக நீளாது. தொடைக்கு இடம் கிடைக்கும், வாஸ்தவம். ஆனால் காலைத் தூக்கும்போது பின்பக்கத்திலிருந்து முழங்கால்வரை நெடுக வேண்டியிருக்கும் துணியை அது எங்கிருந்து கொண்டுவரும்? வெட்டு தப்பாக இருந்தால் நூல் எவ்வளவு நீண்டும் பிரயோஜனம் இல்லை. சூடும் குளோரினும் அந்த இழைக்குச் சத்துரு. நாளாவட்டத்தில் அது தளர்ந்துபோனால் முழங்காலில் துணி தொங்கத் தொடங்கும். அப்படித் தொங்கிய டெனிம் ஒருவருடைய சரித்திரத்தைச் சொல்வதில்லை; தன் களைப்பைத்தான் சொல்கிறது. பஞ்சும் இழையும் பின்னிக் கிடப்பதால் கழித்துப் போட்டதைப் பிரித்து மறுபடி நூலாக்குவதும் சிரமம்.

அதற்காக நீளும் டெனிமே ஆகாது என்று சொல்வதற்கில்லை. கனமான டெனிம், அதில் சிறிதளவே நீளும் இழை, கவட்டில் ஒழுங்கான துண்டு, இடுப்பு வார் அழுத்துகிற இடத்தில் தடித்த தையலோ ரிவெட்டோ இல்லாமை: இத்தனையும் கூடிய கால்சட்டை உண்மையிலேயே நல்ல சரக்கு. கருங்கல்லில் முழங்கால் உராயும்போது தடித்த பஞ்சுத் துணி தாக்குப்பிடிக்கும். தெருவிலும் வித்தியாசமாகத் தெரியாது. ஆனால் குளிரும் ஈரமும் உள்ள பெரிய மலைக்கு இது உடை அல்ல. பஞ்சு நனைந்தால் கனக்கும், எளிதில் காயாது, உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். சிறு பாறைக்கும், கட்டடத்துக்குள் கட்டிய செயற்கைச் சுவருக்கும் ஏற்றது என்று விற்பவர்கள் சொன்னால் அது நாணயம்.

என் குறையெல்லாம் நீளும் இழை தையற்காரரைச் சோம்பேறியாக்கிவிடுகிறது என்பதுதான். எந்த உடம்பில் போட்டாலும் துணி விட்டுக்கொடுத்துவிடும் என்று தெரிந்தபின் அளவெடுப்பானேன், வெட்டை யோசிப்பானேன்? குறையை நூல் மூடிவிடுகிறது. எழுத்திலும் இது உண்டு. எந்த வாசகன் எப்படி இழுத்தாலும் அந்தப் பக்கம் வளைந்துகொடுக்கும் நடை படிக்கும்போது சுகமாகத்தான் இருக்கும். ஆறு மாதம் கழித்து எடுத்தால் முழங்காலில் தொங்கும்.

கடையில் இந்தக் கால்சட்டையைக் கையில் எடுப்பவர்கள் இழுத்துப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். உள்பக்கத்தை வெளியே திருப்பிக் கவட்டைப் பாருங்கள். அங்கே ஒரு துண்டு இருந்தால், யாரோ ஒருவர் உங்கள் உடம்பைப் பற்றி யோசித்திருக்கிறார். அப்புறம் போட்டுக்கொண்டு, ஒரு நாற்காலியின்மேல் காலைத் தூக்கி வைத்துப் பாருங்கள். கால் தடையில்லாமல் போனால் காசைக் கொடுக்கலாம்.