இடைநிலைப்பள்ளியில் இல்லமுறையும் பல்வயதுக் குழுவும்: ஒரு மதிப்பீடு

பள்ளிச் சீர்திருத்தம் ஒன்று புதுப்பெயர் பூண்டு வரும்போது, புதுமை என்பதற்காகவே அதனைப் போற்றுதலும், அயல்நாட்டு முறை என்பதற்காகவே தள்ளுதலும் ஆசிரியர்க்கு ஒவ்வா. எதனையும் அதனால் விளையும் பயன் நோக்கியே மதிப்பிடல் வேண்டும். இடைநிலைப்பள்ளிகளில் இல்லமுறையை விரிவாக்கிப் பல்வயதுக் குழுக்களை அமைக்கலாம் என்னும் கருத்தை அவ்வாறு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். தோட்டப்பள்ளித் தலைமையாசிரியனுக்கு இடைநிலைப்பள்ளியைப் பற்றி என்ன பேச்சு என்று அன்பர் சிலர் வினவலாம். ஆறாண்டுகள் வளர்த்த பிள்ளைகளை அனுப்பிவைப்பவன், அவர்கள் போய்ச் சேரும் இடத்தைப் பற்றிக் கேட்க உரிமையுடையவனே.

முதற்கண் முறை இன்னதென விளக்குவோம். இன்று நம் இடைநிலைப்பள்ளிகளில் மாணவர் வயதுவாரியாக வகுப்புகளில் அமர்கின்றனர். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு வகுப்பாசிரியர் உண்டு. பல்வயதுக் குழுமுறையிலும் பாடங்கள் அவ்வாறே நடைபெறும். ஆனால், நாள்தோறுமோ கிழமைக்கு இருமுறையோ இருபது நிமிடம், முதற்படிவம் தொடங்கி ஐந்தாம் படிவம் வரையுள்ள மாணவர் கலந்த ஒரு சிறு குழு ஓர் ஆசிரியரிடம் கூடும். அவரே அக்குழுவின் பொறுப்பாசிரியர். இத்தகைய குழுக்கள் பல சேர்ந்தது ஓர் இல்லம். 1,200 மாணவர் பயிலும் பள்ளியில், படிவத்துக்கு நால்வராக இருபதின்மர் கொண்ட குழுக்கள் 60 அமையும். நான்கு இல்லங்களாயின் இல்லத்துக்கு 15 குழுக்கள். பள்ளியில் சேர்ந்த நாள் முதல் வெளியேறும் நாள் வரை ஒரு பிள்ளை ஒரே குழுவில், ஒரே ஆசிரியரின் பார்வையில் இருக்கும் என்பதே இம்முறையின் உயிர்நாடி.

இல்லம் என்னும் பெயர் இங்கிலாந்தின் விடுதிப்பள்ளிகளிலிருந்து வந்தது. அங்கே மாணவர் உண்மையாகவே ஒரு வீட்டில், ஓர் ஆசிரியரின் பொறுப்பில், மூத்தோரும் இளையோருமாய் உண்டு உறங்கி வாழ்ந்தனர். பின்னர் பகற்பள்ளிகளும் அப்பெயரை மேற்கொண்டன. நம் நாட்டிலும் ஆங்கிலப் பள்ளிகள் வழியாகவே இது வேரூன்றியது. கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளியில், அதனை நிறுவத் துணைநின்ற தம்புசாமிப் பிள்ளையின் பெயராலும் ஓர் இல்லம் அமைத்தனர். ஆயினும் இன்று நம் பள்ளிகள் பலவற்றில் இல்லம் என்றால் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்னும் சட்டை நிறமே நினைவுக்கு வருகிறது. விளையாட்டுப் போட்டி முடிந்ததும் சட்டையோடு இல்லமும் பெட்டிக்குள் போய்விடுகிறது.

நிற்க. மூத்தோரையும் இளையோரையும் ஒருங்கே வைத்த அளவில் நன்மை தானே விளைந்துவிடுமா? இதற்கு விடை காணத் தாமஸ் ஹியூஸ் 1857-இல் வெளியிட்ட ‘டாம் பிரவுனின் பள்ளி நாள்கள்’ என்னும் நாவல் பெரிதும் துணைசெய்யும். 1828 முதல் 1842 வரை தாமஸ் ஆர்னால்டு தலைமையாசிரியராக இருந்த ரக்பி பள்ளியே அதன் களம். அங்கே பிளாஷ்மன் என்னும் மூத்த மாணவன் இளையோரை எடுபிடிகளாக்கி வதைக்கிறான். டாமை அடுப்புத் தீயின் முன் நிறுத்தி வாட்டவும் செய்கிறான். அதே நாவலின் பிற்பகுதியில், ஆர்தர் என்னும் மெலிந்த புதுப்பிள்ளை டாமின் பொறுப்பில் விடப்படுகிறான். அவனைக் காக்கத் தொடங்கிய பின்னரே துடுக்கனாகத் திரிந்த டாம் பண்படுகிறான். பள்ளி ஒன்றே; இல்லம் ஒன்றே. விளைவு மட்டும் ஏன் வேறாயிற்று? பிளாஷ்மனுக்கு வயது அதிகாரத்தைத் தந்தது. டாமுக்கோ ஒரு குறிப்பிட்ட பிள்ளையைக் காக்கும் கடமை தரப்பட்டது. அதனைத் தந்து பின்னின்று நோக்கும் ஆசிரியர் ஒருவரும் இருந்தார்.

இம்முறை நமக்கு முற்றிலும் அயலானதும் அன்று. 1789-இல் சென்னையில் ஆண் அநாதைகள் காப்பகத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதனைத் தம் காப்பகத்தில் புகுத்தி, மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையை வகுத்தார். 1797-இல் இலண்டனில் அதனை நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்னும் பெயரோடு அது இங்கிலாந்தில் பரவியது. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது. ஆனால் பெல்லின் முறை பின்னாளில் ஏன் மங்கியது என்பதையும் எண்ணுதல் வேண்டும். நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஓர் ஆசிரியரைக் கொண்டே சமாளிக்கலாம் என்னும் சிக்கன நோக்கு மேலோங்கவே, கல்வி வெறும் ஒப்புவித்தலாய்க் குன்றியது. மூத்த மாணவன் ஆசிரியருக்குத் துணையாகலாம், ஆசிரியருக்கு மாற்றாகான்.

இனி நம் நிலைக்கு வருவோம். மலேசியாவில் 150-க்கும் குறைவான மாணவரைக் கொண்ட பள்ளி ‘குறைந்த மாணவர் பள்ளி’ எனப்படும். தோட்டப்பள்ளிகள் பல இவ்வகையின. தொகை மிகக் குறைந்த இடங்களில் இரண்டு ஆண்டுகளின் மாணவரை ஒரே வகுப்பில் இணைத்துக் கற்பிக்கிறோம். இதனை நாம் ஒரு குறையாகவே கூறிவந்துள்ளோம். பாடம் நடத்துவதில் இடர்ப்பாடு உண்டு என்பதும் உண்மையே. எனினும் அதில் ஒரு நன்மையைக் கண்டேன். என் இணைப்பு வகுப்பில் ஐந்தாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி மூன்று நாள் வாராதிருந்தாள். நான் கேட்கும் முன்னரே, பக்கத்தில் அமரும் ஆறாம் ஆண்டுப் பிள்ளை, “அவங்க அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க சார், கைப்பிள்ளையை அவதான் பார்த்துக்கிறா” என்றாள். அன்று மாலையே அவ்வீட்டுக்குச் சென்றோம். மறுவாரம் சிறுமி பள்ளிக்கு வந்தாள்.

அறுபது எழுபது பேர் மட்டுமே உள்ள இத்தகைய பள்ளியிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பயிலும் பள்ளிக்கு நம் பிள்ளை போகிறான். புகுமுக வகுப்பில் சேர்வோனுக்குத் தன்னையொத்த புதியவர்களே துணை. என்னிடம் பயின்ற ஒருவன் அவ்வாறு சென்றவன். பதினொரு நாள் பள்ளிக்குப் போகவில்லை. வருகைப் பதிவேட்டில் குறித்தார்கள். எச்சரிக்கைக் கடிதமும் அனுப்பினார்கள். வீட்டிலிருந்த பாட்டிக்கு அதனைப் படிக்கத் தெரியவில்லை. பேருந்தில் அவன் மலாய்ப் பேச்சைச் சிலர் எள்ளியதும், ஓய்வுநேரத்தில் சிற்றுண்டிச்சாலையில் உடன் அமர ஒருவருமின்றி நின்றதும், தோட்டத்து மளிகைக்கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தன. மீண்டும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். இரண்டாம் படிவத்தோடு நின்றுவிட்டான். பள்ளியார் விதிப்படியே நடந்தனர். ஆனால் அவனைத் தேடியவர் எவருமில்லை. குழுமுறையின் தேவையை எனக்கு உணர்த்தியவன் அவனே.

இம்முறைக்கு எதிராகக் கூறப்படுவனவற்றையும் நடுநிலையோடு காண்போம். மூத்தோர் கூடினால் பகடிவதை பெருகும் என்பர். அச்சம் நியாயமானதே. ஆசிரியர் உடனிராத குழு ஒரு நாளும் கூடலாகாது. மூத்தவனுக்குத் தண்டிக்கும் உரிமை எதுவும் தரலாகாது. எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிப்போரின் காலம் வீணாகும் என்பர். தேர்வு நெருங்கும் திங்கள்களில் நான்காம் படிவத்தார் அப்பொறுப்பை ஏற்கட்டும். வளரிளம் பருவத்துச் செய்திகளையும் மேற்படிப்புத் தேர்வையும் எல்லா வயதினர் முன்னும் பேச இயலாது என்பர். அதுவும் மெய், அவற்றுக்கு வயதுவாரிக் கூட்டமே தக்கது. இங்கிலாந்தில் இம்முறையை மேற்கொண்ட பள்ளிகளுள் சில பின்னர் வயதுவாரி முறைக்கே திரும்பின என்பதையும் மறைத்தற்கில்லை. எல்லாவற்றினும் வலிய தடை ஆசிரியரின் பணிச்சுமை. வேறு பணி எதனையும் குறைக்காது இதனை அவர் தலைமேல் ஏற்றினால், அறுபது குழுக்களும் அறுபது பெயர்ப்பட்டியல்களாகவே முடியும்.

திறன் கலந்த வகுப்பையும் வயது கலந்த குழுவையும் ஒன்றெனக் கொள்வோரும் உளர். சிங்கப்பூரில் 2024 முதல் உயர்நிலை ஒன்றில் விரைவுநிலை, வழக்கநிலை என்னும் பிரிவுகளை நீக்கி, பல்திறன் மாணவரை ஒரே வகுப்பில் அமர்த்தினர். அது வேறு நோக்கிற்கான சீர்திருத்தம். அங்கும் பிள்ளைகள் ஒத்த வயதினரே.

ஆகவே நாம் கொள்ளும் முடிவு இது. நிறமும் கொடியும் மட்டுமேயான இல்லம் விளையாட்டுக்குப் போதும். பிள்ளையைக் காக்கப் போதாது. பள்ளி முழுவதையும் ஒரே நாளில் மாற்ற முனைதலும் வேண்டா. புகுமுக வகுப்பினர்க்கும் முதற்படிவத்தார்க்கும், ஆளுக்கொரு மூத்த மாணவரைத் துணையாகக் குறித்து, இருவரையும் அறிந்த ஓர் ஆசிரியரிடம் ஒப்படைத்துத் தொடங்கலாம். அம்மூத்தவர் தமிழராயிருத்தல் கட்டாயமன்று; மலாய்க்கார அண்ணனோ சீன அக்காவோ சிற்றுண்டிச்சாலையில் உடன் அமர்ந்தாலும் பிள்ளையின் தனிமை நீங்கும். தமிழ்ப்பள்ளி ஆசிரியராகிய நாமும் நம் பங்கைச் செய்தல் வேண்டும். ஆறாம் ஆண்டு முடித்துச் செல்லும் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் அரைப்பக்கக் குறிப்பொன்றை எழுதி, வீட்டில் யாரிடம் பேச வேண்டும், எம்மொழியில் பேச வேண்டும் என்பதையும் குறித்து அனுப்புவோமாக.

இம்முறை வெற்றி பெற்றதா என்று அறியப் பெரிய ஆய்வு வேண்டுவதில்லை. திங்கட்கிழமை காலையில் ஒரு பிள்ளை வரவில்லையென்றால், பதிவேட்டைப் பாராமலே அதனை அறிபவர் பள்ளியில் ஒருவரேனும் உளரா என்று கேட்டால் போதும்.