குரங்கின் மேல் ஒரு பழி

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. உச்சிவெயில் ஏறுகிற நேரத்தில் இலங்கை முழுவதும் கரன்ட் போனது. பாணந்துறை சப்ஸ்டேஷனுக்குள் ஒரு குரங்கு புகுந்து டிரான்ஸ்ஃபார்மரைத் தொட்டுவிட்டது என்றார் மின்சக்தி அமைச்சர். உலகம் பூரா பத்திரிகைகள் சிரித்தன. நீங்களும் சிரித்திருப்பீர்கள். அனுமார் கதை வேறு கைவசம் இருப்பதால் நம் ஊரில் சிரிப்பு ஒரு பங்கு அதிகம்.

குரங்கு கம்பியைத் தொடுவது அதிசயமில்லை. அணில் தொடுகிறது, காக்கா தொடுகிறது. அந்த ஏரியாவில் கரன்ட் போகும், லைன்மேன் வருவார், அவ்வளவுதான். ஒரு குரங்குக்காக இரண்டு கோடிப் பேருக்கு ஃபேன் நிற்பானேன்? மின்சார சபை பிறகு விளக்கம் சொன்னது: ஞாயிறு, தேவை குறைவு. நல்ல வெயில், சோலார் ஏராளம். கிரிட்டில் 'இனர்ஷியா' போதவில்லை. இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இனர்ஷியாவைப் போட்டோ எடுக்க முடியாதே!

தெருமுனையில் கரும்பு ஜூஸ் மெஷின் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதில் ஒரு கனத்த சக்கரம் இருக்கும். தடிக் கரும்பைச் செருகினால் மெஷின் திணறும், நிற்காது. சக்கரம் தன் வேகத்திலிருந்து கொஞ்சம் கடன் கொடுக்கும். அனல், நீர் மின் நிலையங்களில் டன் கணக்கில் சுழலும் ரோட்டர்கள் செய்வது இதே வேலைதான். எங்கோ கோளாறு என்றால் சில விநாடி தாங்கிப் பிடிக்கும். அதற்குள் மற்ற நிலையங்கள் சுதாரித்துக்கொள்ளும். மொட்டை மாடி சோலாரில் சுழல்வது எதுவுமில்லை. வோல்டேஜோ ஃப்ரீக்வென்ஸியோ எல்லை மீறினால் அதன் இன்வர்ட்டர் 'எனக்கென்ன' என்று கழன்றுகொள்ளும். ஆயிரக்கணக்கில் ஒரே சமயத்தில் கழன்றால்?

நமக்கு அந்தக் கவலை குறைவு. 2013 டிசம்பர் 31-ல் தென்னக கிரிட் வடக்கோடு ஒரே தாளத்தில் சேர்ந்துவிட்டது. முப்பந்தலில் காற்று படுத்தால் சத்தீஸ்கர் நிலக்கரி தோள் கொடுக்கும். இலங்கையைச் சுற்றிக் கடல். கடன் கேட்கப் பக்கத்து வீடு கிடையாது. அன்று நுரைச்சோலை அனல் நிலையத்தின் மூன்று யூனிட்டும் நின்று, அடுத்தடுத்த நாட்களில் ஒன்றரை மணி நேரச் சுழற்சி மின்வெட்டு வந்தது.

தீவு என்றால் இதுதான் கதி என்று சொல்லிவிட முடியாது. ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் எல் ஹியர்ரோ என்று ஒரு பொடித் தீவு. ஜனத்தொகை பதினோராயிரம் சொச்சம். ஐந்து காற்றாலைகள், மேலே எரிமலை வாயில் ஒரு குளம், கீழே ஒரு குளம். மிச்சக் காற்றில் தண்ணீரை மேலே ஏற்றுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், ஏற்றும்போதே இன்னொரு குழாயில் கொஞ்சம் இறக்கவும் செய்கிறார்கள்! அசட்டுத்தனம் மாதிரி தெரியும். டர்பைன் சுழன்றுகொண்டே இருந்தால்தான் காற்றின் ஏற்ற இறக்கத்துக்குத் தாளம் தட்டமுடியும். 2019 கோடையில் தொடர்ந்து 24 நாள் டீசல் இல்லாமல் ஓட்டினார்கள். வருஷக் கணக்கு பார்த்தால் பாதிக்குச் சற்று மேல்தான். 'நூறு சதவிகிதத் தீவு' என்று எழுதுபவர்கள் இதைச் சொல்வதில்லை. தெற்கு ஆஸ்திரேலியாவில் மின்சாரமே உற்பத்தி செய்யாமல் சும்மா சுழல்வதற்கென்றே நான்கு ராட்சத மெஷின்களை 2021-ல் வைத்தார்கள்.

இலங்கை அரசு 2016-ல் 'சூரிய பல சங்க்ராமய' என்று முழங்கி, 2025-க்குள் ஆயிரம் மெகாவாட் கூரை சோலார் என்று மக்களை அழைத்தது. பேனலுக்கு அழைத்தவர்கள், கூடவே அதைத் தாங்குகிற பேட்டரிக்கும் சுழலும் சக்கரத்துக்கும் அதே வேகத்தில் டெண்டர் விட்டிருக்க வேண்டாமா? என் புகார் இதுதான். வந்தவர்கள் கைக்காசு போட்டு வந்தார்கள். அதே 2025 ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறையில், அவர்களிடம் மின்சார சபை ஒரு வேண்டுகோள் வைத்தது: தயவுசெய்து சோலாரை அணைத்து வையுங்கள், பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

மூன்று மணிக்குப் பிறகு எவ்வளவு வெயில் மிச்சமிருக்கும் என்று வடகம் காயப்போடுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.