பணம் கொடுப்பவனிடம் பேசுவது

1968-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் ‘நிரோத்’ என்னும் ஆணுறையை நாடெங்கும் பரப்ப முற்பட்டபோது, அதைக் கடைகடையாகக் கொண்டு சேர்க்கும் பொறுப்பை வைத்தியர்களிடம் மட்டும் விட்டுவிடாமல், புரூக் பாண்ட், லிப்டன் முதலிய தேயிலைக் கம்பெனிகளிடமும், சோப்பும் சிகரெட்டும் பாட்டரியும் விற்றுவந்த வேறு சில கம்பெனிகளிடமும் ஒப்படைத்தது. மூன்று உறைகள் பதினைந்து காசு. தேயிலைப் பொட்டலம் எட்டாத பட்டிதொட்டி இல்லை என்பதை அறிந்த யாரோ ஒரு புத்திசாலியின் யோசனையாக அது இருந்திருக்க வேண்டும். அக்காலத்து நோக்கம் குடும்பக் கட்டுப்பாடே. வியாதியைப் பற்றிய பேச்சு பிற்பாடுதான் வந்தது. ஆயினும், கூச்சம் நிறைந்த ஒரு பொருளைக் கூச்சமில்லாத சரக்கோடு சேர்த்து அனுப்பும் அந்த உபாயத்தை, 1929-இல் போ தோட்டம் தொடங்கிய நாள்முதல் தேயிலையை நம்பியே பல தலைமுறை கண்ட, மலேசியாவின் இந்தக் கேமரன் மலையில் இருந்துகொண்டு நினைத்துப் பார்க்கும்போது, ஒரு கேள்வி எழாமல் போவதில்லை: பொட்டலம் சென்று சேர்ந்த கைகளில், விலைகொடுத்துப் பெண்ணை நாடும் ஆடவனின் கையும் இருந்ததே, அவனிடம் யார், எப்போது, என்ன பேசினார்கள்?

நெடுங்காலம் ஒருவரும் பேசவில்லை. 1868-இல் இந்தியாவிலும் 1870-இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களிலும் கொண்டுவரப்பட்ட தொற்றுநோய்ச் சட்டங்கள், தொழில் செய்யும் ஸ்திரீகளைப் பதிவு செய்து, பரிசோதித்து, நோய் கண்டால் ஆஸ்பத்திரியில் அடைத்து வைக்க அதிகாரம் தந்தன. அவர்களிடம் வந்துபோன சிப்பாயையும் மாலுமியையும் கூலிக்காரனையும் நிறுத்தி ஒரு வார்த்தை கேட்க எந்த ஷரத்தும் இல்லை. இங்கிலாந்தில் ஜோசபின் பட்லர் அம்மையார் நடத்திய கிளர்ச்சியின் விளைவாக அச்சட்டங்கள் அந்நூற்றாண்டின் எண்பதுகளிலேயே ஒழிந்தன. ஆனால் அந்த மனப்பான்மை ஒழியவில்லை என்பதற்கு 1986 சாட்சி. சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமன் அம்மையாரின் வழிகாட்டுதலில் மாணவி நிர்மலா இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தபோது, அந்த ரத்தம் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடமிருந்து எடுக்கப்பட்டதாகவே இருந்தது. அதில் ஆய்வாளர் மீது குற்றமில்லை. எடுக்கக்கூடிய இடத்தில் எடுத்தார். எடுக்கக்கூடியவர்களாக எப்போதும் அடைபட்டிருந்தவர்கள் பெண்களே என்பதுதான் கவனிக்கத்தக்கது.

ஆகையால், பணம் கொடுப்பவனையே நேரில் அழைத்து, ‘நீ போவதைத் தடுக்க நாங்கள் வரவில்லை; போனால் உறை அணிந்துகொள்’ என்று சொல்லும் பிரசாரமுறை தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் உருவானதை ஒரு பெரிய திருப்பமாகவே கொள்ளவேண்டும். 1995-இல் அமெரிக்க உதவிப் பணத்தோடு சென்னையின் தன்னார்வ சுகாதார சேவை நிறுவனம் தொடங்கிய ‘ஆப்பாக்’ திட்டம், லாரி ஓட்டுநர்களையும் கிளீனர்களையும் தேடி லாரிப்பேட்டைகளுக்கும் நெடுஞ்சாலை ஓரத்து நிறுத்தங்களுக்கும் சென்றது. அவர்கள் மாலையில் டீ குடிக்கும் இடத்தில், அவர்களுடைய பாஷையில், அவர்களில் ஒருவரைக் கொண்டே பேசவைத்தது. 1996 முதல் ஆண்டுதோறும் எடுக்கப்பட்ட நடத்தைக் கணக்கெடுப்புகள், விலைமாதரிடம் போகும் ஓட்டுநர்களின் விகிதம் குறைந்ததையும், போனவர்களிடையே உறையின் உபயோகம் ஏறியதையும் காட்டின. 2006-இல் ‘லான்செட்’ பத்திரிகையில் வெளியான ஆய்வொன்று, தென் மாநிலங்களில் கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வந்த 15 முதல் 24 வயதுப் பெண்களிடையே தொற்று 2000-க்கும் 2004-க்கும் இடையில் 1.7 சதவீதத்திலிருந்து 1.1 சதவீதமாக இறங்கியதைக் கண்டு, ஆடவர் விலைமாதரை நாடுவது குறைந்ததோ உறை அணிவது கூடியதோ காரணமாயிருக்கலாம் என்று அனுமானித்தது. புருஷனிடம் சொன்ன வார்த்தை, அவ்வார்த்தையைக் கேளாத மனைவியின் ரத்தத்தில் தெரிந்தது என்றால், அது அற்பமான வெற்றியன்று.

இனி, அத்தகைய பிரசாரத்தின் மிகப் பிரசித்தமான முகத்தைப் பார்ப்போம். 2003-இல் தமிழ்நாட்டின் சுவர்களிலும் பேருந்துகளிலும் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற ஒற்றைக் கேள்வி தோன்றியதை அக்காலத்தில் அங்கிருந்த எவரும் மறந்திரார். முந்தைய ஆண்டின் இறுதியில் பம்பாயில் கிளம்பிய ‘பால்பீர் பாஷா’ என்னும் பிரசாரக் கற்பனை நாயகனின் தமிழ் அவதாரம் இந்த ராஜா. பால்பீரின் கதை மூன்று சபலங்களைச் சுற்றி அமைந்தது: குடிமயக்கத்தில் உறையை மறப்பது, ஒரே பெண்ணிடம்தானே போகிறேன் என்று நம்பி அவளிடம் பிறரும் போவதை நினையாதது, பார்ப்பதற்குத் திடகாத்திரமாக இருப்பவருக்கு நோய் இராது என்று எண்ணுவது. ஊரில் உலவும் உண்மையான சமாதானங்களையே எடுத்துப் பெயர்சூட்டி மேடையேற்றியதில் கைதேர்ந்த நாடக உணர்ச்சி இருந்தது. டீக்கடையில் இருவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்கள்; சிரித்ததனால் பேசினார்கள். மஞ்சள் பத்திரிகைக்கும் மருத்துவமனைச் சுவரொட்டிக்கும் நடுவே வேறு பாஷையே இல்லாதிருந்த ஒரு விஷயத்திற்கு இவ்வளவு கிடைத்ததே பெரிது.

ஆனால் சிரிப்பு எங்கே போய் நின்றது என்பதையும் பார்க்கவேண்டும். ராஜாவின் பெயர் கேலிப் பெயராகி, அடுத்தவனைச் சீண்டுவதற்கு உதவிற்று. கேலிக்கு ஆளாகிறவன் எப்போதும் அடுத்தவன்தான். அன்றியும், நோய் ‘வருமா’ என்று கேட்கும்போதே, அது எங்கிருந்தோ இவனை நோக்கி வருகிறது, வருகிற திசையில் ஒரு பெண் நிற்கிறாள் என்ற சித்திரம் மனத்தில் விழுந்துவிடுகிறது. பம்பாயில் மாதர் அமைப்புகள் ஆட்சேபித்தது இதையே. இவன் கொண்டுபோய்க் கொடுக்கும் நோயைப் பற்றி, அதாவது அந்தப் பெண்ணுக்கும் தன் மனைவிக்கும் இவன் செய்யக்கூடிய தீங்கைப் பற்றி, பிரசாரத்தின் முக்கியக் கேள்வி மௌனம் சாதித்தது. அவனுடைய சுயநலத்தைத் தட்டியெழுப்புவதே சீக்கிரம் பலிக்கும் மார்க்கம் என்று விளம்பரக்காரர் கணித்திருப்பர்; குறுகிய கணக்கில் அது சரியே. நீண்ட கணக்கில், தனக்கு வராது என்று நிச்சயித்துக்கொண்ட அன்றே உறையைக் கழற்றிவிடும் ஒருவனை அது வளர்த்தது.

இதற்கு இரண்டே ஆண்டு கழித்து, 2005-இல், நடிகை குஷ்பு ஒரு பேட்டியில் திருமணத்துக்கு முந்திய உறவைப் பற்றியும், அவ்வாறு உறவு கொள்ளும் பெண்கள் கர்ப்பத்திலிருந்தும் நோயிலிருந்தும் தம்மைக் காத்துக்கொள்ளவேண்டும் என்பதைப் பற்றியும் சொன்ன வார்த்தைகளுக்காக, தமிழ்நாட்டின் பல நீதிமன்றங்களில் அவர்மீது வழக்குகள் தொடுக்கப்பட்டன; 2010-இல் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்யும்வரை அவை அவரை விடவில்லை. விலைமாதரிடம் போகும் ராஜாவை நோக்கிச் சொன்னபோது தமாஷாக இருந்த அதே புத்திமதி, பெண்ணை நோக்கிப் பெண் சொன்னபோது கலாசாரத் துரோகமாயிற்று. இந்த முறையின் வரம்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தோன்றவில்லை: ஆடவன் தவறுவான் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்ட சமூகத்தில்தான் அது சுலபமாகச் செல்லுபடியாயிற்று, அந்த ஒப்புதலை அது ஒருபோதும் கேள்வி கேட்கவில்லை.

பேரம் என்ற ஒன்று இருக்கிறது. பிரசாரகர் அதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார். கல்கத்தாவின் சோனாகாச்சியில் செய்யப்பட்டு 2003-இல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு, உறையை வற்புறுத்தும் பெண்ணுக்கு வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத நஷ்டம் உண்டாவதாகக் கணக்கிட்டது. உறை வேண்டாம் என்பதற்கு வாங்குபவன் அதிகம் கொடுக்கிறான். மறுப்பவளைத் தாண்டி அடுத்த வாசலுக்குப் போகிறான். ஆகவே அவளிடம் மட்டும் போதிப்பது அநியாயம் என்பது சித்திக்கிறது. அவனிடம் தனித்துப் போதிப்பதும் போதாது என்பதும் அதனாலேயே சித்திக்கிறது. அடுத்த வாசலும் அதே பதிலைச் சொல்லும்படி செய்தால்தான் காரியம் நடக்கும். மருத்துவர் ஸ்மரஜித் ஜானா 1992 முதல் அங்கே பெண்களையே ஒன்றுதிரட்டிச் செய்தது அதுதான்.

சயாம் தேசம் அதையே அரசாங்கத்தின் கையால் செய்தது. 1989-இல் ராட்சபுரி மாகாணத்தில் மருத்துவர் விவாட் தொடங்கி 1991-இல் நாடு முழுவதும் பரவிய ஏற்பாட்டின்படி, எந்த விலைமாதர் விடுதியிலும் உறையின்றி இடமில்லை. பால்வினை நோயோடு அரசாங்க மருத்துவமனைக்கு வரும் ஆடவனை எந்த விடுதிக்குப் போனான் என்று விசாரித்து, விதியை மீறிய விடுதிக்காரனைப் பிடித்தார்கள். நான்கே ஆண்டுகளில் இத்தகைய உறவில் உறையின் உபயோகம் 14 சதவீதத்திலிருந்து 94 சதவீதமாயிற்று. வாடிக்கைக்காரனின் மனத்தை மாற்றக் காத்திராமல், அவன் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பையே எடுத்துவிட்ட சாமர்த்தியம் இது. இதிலும் பரிசோதனைக்கு வரிசையில் நின்றவர்கள் பெண்களே, தண்டனை விடுதிக்காரனுக்கே, வந்தவன் வைத்தியம் பெற்று வீடு திரும்பினான். விடுதிகள் குறைந்து, தொழில் கரோக்கி மன்றங்களுக்கும் தொலைபேசிக்கும் நகர்ந்தபோது, வாசலைக் காக்கும் அந்த விதிக்குக் காக்க வாசல் குறைந்துபோயிற்று.

இவற்றை மனத்தில் கொண்டு இம்மலையைப் பார்ப்போம். 1931-ஆம் ஆண்டு ஜனக்கணக்கில் மலாயா இந்தியரிடையே ஆயிரம் ஆண்களுக்கு ஐந்நூறு பெண்கள்கூட இல்லை. கங்காணி கூட்டிவந்த ஆட்களில் பலர் தனியாள்கள். அந்த லயத்து வீடுகளில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பெரும்பாலும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிப் போய்விட்டார்கள். கூடைசுமந்து கொழுந்து கிள்ளிய பெண்கள் நின்ற சரிவுகளில் இன்று இருவர் இருபுறமும் பிடித்து ஓட்டும் வெட்டு இயந்திரம் போகிறது. அதைப் பிடித்திருப்பவர்களில் வங்காள தேசத்தவரும் நேபாளியரும் இந்தோனேசியரும் உண்டு. மறுபடியும் தனியாள்கள், மறுபடியும் தொலைவில் மனைவி, மறுபடியும் மாதச் சம்பளம். எண்பது தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நம் பாட்டன்மார் இருந்த நிலைமையில் இன்று அவர்கள் இருக்கிறார்கள் என்பதை நம்மவர் நினைத்துக்கொண்டால், ‘அந்நியத் தொழிலாளிகள்’ என்று உதட்டைப் பிதுக்குவது கொஞ்சம் குறையும்.

பிரிஞ்சாங்கிலோ தானா ராத்தாவிலோ ஒரு மினிமார்க்கெட்டில் உறை எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று கவனியுங்கள். பணம் வாங்கும் மேஜைக்குப் பின்னால், சிகரெட்டு அலமாரிக்குப் பக்கத்தில், கேட்டால் எடுத்துக் கொடுக்கும் இடத்தில். கேட்கவேண்டியது மலாயிலோ ஆங்கிலத்திலோ. மேஜையில் இருப்பவர் பல வேளைகளில் தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோருக்கு உறவுக்கார அம்மாள். “என்ன தம்பி வேணும்?” என்று அவர் வாஞ்சையோடுதான் கேட்கிறார். சனிக்கிழமை பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையைப் பார்க்க இறங்கிய இளைஞன் ஒரு ரொட்டிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெளியேறுகிறான். ஜொகூர் பொந்தியானில் இயங்கும் காரெக்ஸ் உலகத்திலேயே பெரிய ஆணுறை உற்பத்தி நிறுவனம். ரப்பர்ப் பாலெடுத்தே வாழ்ந்த தமிழர்கள் நிறைந்த நாடு இது. இருந்தும் ஒரு பொட்டலம் அந்த மேஜையைத் தாண்டி மூன்றடி வர முடியவில்லை. லாரிப்பேட்டை அனுபவம் இங்கே நேராகப் பயன்படும்: தொழிலாளர் தங்கும் விடுதியின் குளியலறையில் கேட்காமல் எடுத்துக்கொள்ளும் ஒரு பெட்டி, வங்காளியில் பேசும் ஒரு வங்காளி, நேபாளியில் பேசும் ஒரு நேபாளி. தோட்டத்து டிரஸ்ஸர் எவ்வளவு நல்லவராயினும், மருத்துவ விடுப்புக்கு அவரையே நம்பியிருப்பவன் அவரிடம் இதைச் சொல்லமாட்டான்.

சயாமிய வழி இங்கே செல்லாது. தண்டனைச் சட்டத்தின் 372பி பிரிவு விலைமாதர் தொழிலுக்கு அழைப்பதைக் குற்றமாக்குகிறது. விலைமாதர் விடுதி நடத்துவதும் குற்றம். சட்டத்தின் கண்ணில் இல்லாத இடத்துக்கு விதி செய்ய இயலாது. கைப்பையில் உறை இருப்பதையே போலீஸார் சாட்சியாகக் கொள்கிறார்கள் என்ற முறையீடு தொழில் செய்யும் பெண்களிடமிருந்து வந்திருக்கிறது. அது உண்மையாயிருக்கும் இடத்தில், வாங்குபவனிடம் நாம் எவ்வளவு பேசினாலும் விற்பவள் உறையின்றி நிற்பதே அவளுக்குப் பத்திரம். போதை ஊசிவழிப் பரவலே மிகுந்திருந்து, 2002-இல் ஆண்டுக்கு ஏழாயிரம் புதிய தொற்றுகளை நெருங்கிய இந்த நாடு, பின்னர் சுத்தமான ஊசியைக் கொடுத்து அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. இன்று புதிய தொற்றுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பாலுறவால் வருபவை. அவற்றில் பெரும்பகுதி ஆடவர்க்கும் ஆடவர்க்கும் இடையிலானவை. விலைகொடுப்பவன் என்றால் பெண்ணை நாடுபவன் என்று மட்டும் எழுதப்படும் துண்டுப் பிரசுரம் பாதிப் பேரை விட்டுவிடும். ஊசி விஷயத்தில் காட்டிய நடைமுறைப் புத்தியை உறை விஷயத்தில் காட்ட அரசாங்கம் தயங்குவது ஏன் என்பதை ஊகிப்பது கடினமன்று.

எல்லாவற்றுக்கும் மேலான முட்டுக்கட்டை வேறொன்று. 1997 முதல் ஃபோமெமா என்னும் மருத்துவப் பரிசோதனை ஏற்பாட்டின்படி அந்நியத் தொழிலாளர் ஒவ்வொருவரும் ரத்தப் பரிசோதனைக்கு உட்படுகிறார்கள், எச்.ஐ.வி. கண்டால் அவர் வேலைக்குத் தகுதியற்றவராகி ஊருக்கு அனுப்பப்படுகிறார். தகுதி பார்க்கும் உரிமை தேசத்துக்கு உண்டு என்பார் கூறுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் கடன்பட்டு ஏஜெண்டுக்குப் பணம் கட்டி வந்தவன், சந்தேகம் தோன்றும் நாளில், தானாக எந்த மருத்துவமனைப் படியையும் மிதிக்கமாட்டான். அந்த விதி இருக்கும்வரை, தொழிலாளர் விடுதிச் சுவரில் ஒட்டும் தாளில் ‘பரிசோதித்துக்கொள்’ என்ற வரியை எழுதுகிறவர், அதைப் படிக்கிறவன் அடுத்த மாதம் எந்த நாட்டில் இருப்பான் என்பதையும் கூடவே எழுதவேண்டியிருக்கும்.