வேட்டையாடியதைத் துரத்தும் படகு

அர்சுலா லெ குவின் 1968இல் இளையோருக்காக எழுதிய ‘எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ’ மிகுபுனைவு நாவலில் பெரும்போர் எதுவும் இல்லை. அதனாலேயே எனக்கு அது அவ்வளவு பிடிக்கும். ரோக் தீவின் மந்திரப் பள்ளியில், சக மாணவனிடம் வீம்புக்குச் செய்த வித்தையால் நாயகன் கெட் ஒரு நிழலை அவிழ்த்துவிடுகிறான். அவனைக் காப்பாற்றியதில் தலைமை மந்திரவாதி உயிரை விடுகிறார். வெகுகாலம் நிழலுக்கு அஞ்சி ஓடுபவன், குரு ஓகியன் சொன்னபின் திரும்பி நின்று அதையே துரத்தத் தொடங்குகிறான். அந்த இடத்தில் கதையின் மூச்சே மாறிவிடுகிறது!

நாயகன் செம்பழுப்பு நிறத்தவன், நண்பன் வெட்ச் கறுப்பன். அன்றைய ஆங்கில மிகுபுனைவில் இது அபூர்வம். லெ குவின் அதைப் போகிறபோக்கில்தான் சொல்கிறார். பிழை செய்தவனைக் குத்திக்காட்டாமல், நிழலைத் துரத்திப் படகில் போகும் கடைசிப் பயணத்துக்குப் பிடிவாதமாகக் கூடவே கிளம்பும் அந்த வெட்ச்சை எனக்கு கெட்டைவிடவும் பிடிக்கும்.