லோட் பட்டனைத் தொடாதீங்க!

கம்ப்யூட்டர் கேம் என்றதும் 'அதெல்லாம் பசங்க சமாச்சாரம்' என்று பக்கத்தைப் புரட்டப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். நாற்பதைத் தாண்டிய என்னை மூன்று ராத்திரி தூங்கவிடாமல் அடித்த ஒரு விளையாட்டைப் பற்றி இந்த வாரம் சொல்லப் போகிறேன். புதிதாக ஆட வருகிறவர்களுக்கு நாலைந்து குறிப்புகள் உண்டு. அந்த விளையாட்டின் மேல் எனக்கு ஒரு கோபமும் உண்டு. கோபத்தைக் கடைசியில் வைத்துக்கொள்வோம்.

விளையாட்டின் பெயர் 'பேட்டில் ஃபார் வெஸ்நாத்'. 2003-இல் டேவிட் வைட் என்பவர் தொடங்கியது. சேகா மெகா டிரைவ் காலத்து ஜப்பானிய விளையாட்டுகள் இரண்டு, 'மாஸ்டர் ஆஃப் மான்ஸ்டர்ஸ்', 'வார்சாங்', அவருக்குப் பிடித்துப் போனதில் பிறந்தது. அன்றிலிருந்து இன்றுவரை காசு கிடையாது. நிரலையும் திறந்தே வைத்திருக்கிறார்கள். படம் வரைகிறவர், கதை எழுதுகிறவர், இசை போடுகிறவர் என்று ஊர் ஊராகத் தன்னார்வலர்கள் சேர்ந்து இருபது வருடத்துக்கு மேல் இழுத்து வந்திருக்கிறார்கள்.

அரசர்கள், எல்ஃப்கள், ஓர்க்குகள், எலும்புக்கூட்டுப் படை, தாடி வைத்த மந்திரவாதி... நம்ம அம்புலிமாமா சரக்குதான். ஆனால் டுமீல் டுமீல் கிடையாது. ஆடு புலி ஆட்டம் மாதிரி உங்கள் முறை, அவன் முறை. நீங்கள் 'முடிச்சாச்சு' என்று சொல்கிறவரை எதிரி அசைய மாட்டான். நடுவில் எழுந்து போய் கேஸ் சிலிண்டர் வாங்கி வைத்துவிட்டு வரலாம். இந்த மரியாதை இப்போது வருகிற எந்த விளையாட்டில் இருக்கிறது?

எனக்கு இது கிடைத்தது அட்டுவம்பட்டியில். ஏரியைச் சுற்றிவிட்டு, குதிரை ஏறிவிட்டு, சாக்லேட் வாங்கிக்கொண்டு மலை இறங்குகிற கொடைக்கானல் பயணிகளுக்கு இந்த ஊர் தெரியாது. அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிற ஊர் என்றால் சிலர் தலையாட்டுவார்கள். என் அக்காவைக் கட்டிக் கொடுத்தது அங்கேதான். அத்தானுக்குக் கொஞ்சம் படிக்கட்டு நிலம். பூண்டு, கேரட், பீன்ஸ்.

போயிருந்தபோது விடாத மழை. செல்போனில் டவர் இல்லை. அக்கா மகள், பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பைத் திறந்து வைத்து எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெட்டே இல்லியேம்மா, என்ன பண்றே?"

"இதுக்கு நெட் வேணாம் மாமா. பழைய வெர்ஷன், சும்மா ஓடும். ஆடுறீங்களா?"

ஆடினேன். 'அரியணை வாரிசு' என்று அர்த்தம் வருகிற 'ஏர் டு த த்ரோன்' கதை. கான்ராட் என்ற இளவரசன், டெல்ஃபடார் என்ற கிழ மந்திரவாதி, சுற்றி வளைக்கிற ஓர்க் படைகள். கையிலிருந்த பொன்னையெல்லாம் கொட்டி ஆள் சேர்த்தேன். நேராகப் போய் மோதினேன். கான்ராட் காலி. மறுபடி மோதினேன். மறுபடி காலி.

"மாமா, ஆரம்பத்துல என்ன செய்யணும்னு போட்டிருந்துச்சே, படிச்சீங்களா?"

படிக்கவில்லை. படித்துப் பார்த்தால், வடமேற்கு மூலையில் இருக்கிற வழிகாட்டிப் பலகைக்குக் கான்ராடைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமாம். அவ்வளவுதான். ஜெயிக்க அல்ல, தப்பி ஓடத்தான் அந்த அத்தியாயமே! நானோ வாளை உருவிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஆகவே முதல் குறிப்பு: கேட்டதைச் செய்யுங்கள். எல்லாரையும் கொல்லச் சொன்னால் கொல்லுங்கள். ஓடச் சொன்னால் ஓடுங்கள். ஓட வேண்டிய இடத்தில் ஒரு ஓர்க்கை அதிகமாகக் கொன்றதற்கு யாரும் மெடல் தரப் போவதில்லை. முதல் ஆட்டத்திலேயே கான்ராடோடு போக வேண்டாம் என்றால், பயிற்சி ஆட்டத்தை முடித்துவிட்டு, புதியவர்களுக்கென்றே எழுதிய 'த சவுத் கார்ட்' கதையைப் பிடியுங்கள்.

இரண்டாவது: வரவு செலவு. இதில் நான் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். பி.காம். படித்து உருப்படியாக எதற்காவது பயன்பட்டது என்றால் இதற்குத்தான்.

உங்களிடம் 100 பொன் இருக்கிறது. ஒரு ஈட்டிக்காரனுக்கு 14 பொன். ஏழு பேரைச் சேர்த்தால் 98. கை காலி. சும்மா இருந்தாலே முறைக்கு 2 பொன் வரும். ஆனால் முதல் நிலை வீரன் ஒவ்வொருத்தனுக்கும் முறைக்கு 1 பொன் சாப்பாட்டுச் செலவு. ஏழு பேருக்கு 7. ஆக, முறைக்கு 5 பொன் நஷ்டம்! இதைப் பார்க்காமல் 'என் படை எவ்வளவு பெரிசு' என்று பெருமைப்பட்டால், கல்யாணத்துக்குக் கடன் வாங்கிப் பந்தல் போட்ட கதைதான்.

இங்கேதான் வரைபடத்தில் சிதறிக் கிடக்கிற குட்டி ஊர்கள் வருகின்றன. ஊருக்கு ஒரு பொன் என்று வைத்த ஆட்டத்தில், ஒரு ஊரைப் பிடித்தால் வரவு 1 கூடும். கூடவே ஒரு வீரனின் சாப்பாட்டை அந்த ஊர் ஏற்றுக்கொள்ளும். அதாவது ஒரே ஊர், இரண்டு பொன் வித்தியாசம். ஏழு ஊர் பிடித்துவிட்டால் நஷ்டம் 5 என்றிருந்தது லாபம் 9 ஆகிவிடும். அதனால் முதல் சில முறைகளில் சண்டையைத் தேடாதீர்கள். ஊருக்கு ஒரு ஆளாக அனுப்புங்கள். அடிபட்டவன் ஊரில் ஒரு முறை தங்கினால் 8 புள்ளி உயிர் திரும்பும் என்பது கொசுறு.

மூன்றாவது: நிலத்தைப் பாருங்கள். இந்த விளையாட்டை ஆடிப் பார்த்தவர்களில் பாதிப் பேர் சொல்கிற புகார், 'எல்லாம் லக்குங்க, என் ஆள் அடிச்சா படவே மாட்டேங்குது!' நானும் மேஜையைக் குத்தியவன்தான். பிறகு ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

அடி விழுமா விழாதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அடிக்கிறவனின் திறமை இல்லை, அடிவாங்குகிறவன் நிற்கிற இடம். ஓர்க் ஒருவன் கோட்டையில் நின்றால் உங்கள் ஈட்டி அவன் மேல் படுவதற்கு 100-க்கு 40 வாய்ப்பு. வெட்டவெளியில் நின்றால் 60. ஆழமில்லாத தண்ணீரில் நின்றால் 80. ஈட்டிக்காரனுக்கு மூன்று குத்து. மூன்றுமே வீணாவதற்கு என்ன வாய்ப்பு? கோட்டையில் நிற்பவன் என்றால் 100-க்கு 21.6. வெட்டவெளி என்றால் 6.4. தண்ணீர் என்றால் 0.8. அதே ஈட்டி, அதே ஓர்க்! கோட்டையில் இருப்பவனைக் குத்திவிட்டு 'லக் இல்லை' என்று அழுதால் தப்பு யார் மேல்? கோட்டைக்காரனை அடித்தே தீரணும் என்றால் மந்திரவாதியை அனுப்புங்கள். அவன் மந்திரம் எந்த நிலத்திலும் 100-க்கு 70.

இந்த எண்கள் எதையும் விளையாட்டு மறைக்கவில்லை. அடிப்பதற்கு முன்னாலேயே திரையில் காட்டிவிடுகிறது. சூதாட்டத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே அதுதான்.

நான்காவது: பொழுதைப் பாருங்கள். ஆறு முறை சேர்ந்தால் ஒரு நாள். விடியல், பகல் இரண்டு, அந்தி, இரவு இரண்டு. மனிதப் படைக்குப் பகலில் அடி 25 சதவீதம் கூடும், இரவில் 25 சதவீதம் குறையும். ஓர்க்குக்கு நேர் தலைகீழ். இரவில் அவன் 125, நீங்கள் 75. அந்த நேரத்தில் போய் மோதுவதற்குப் பெயர் வீரம் இல்லை.

இதை எனக்குப் புரியவைத்தது அட்டுவம்பட்டிதான். இருட்டினால் அங்கே காட்டெருமை தோட்டத்துக்குள் இறங்கும். அத்தான் டார்ச் லைட்டோடு திண்ணைவரை வருவார். அதற்கு மேல் ஒரு அடி வைக்க மாட்டார். "ராத்திரி அதோடது மாப்ள. பகல் நம்மளது" என்றார். வெஸ்நாத்தின் உதவிப் பக்கங்கள் முழுவதையும் படித்திருந்தாலும் இவ்வளவு தெளிவாக விளங்கியிருக்காது. அந்தியிலேயே ஊர்களுக்கும் மேட்டுக்கும் பின்வாங்கி விடுங்கள். இரவில் ஓர்க் உங்களைத் தேடி ஓடையில் இறங்கட்டும். விடிந்ததும் வசூல் பண்ணிக்கொள்ளலாம்.

ஐந்தாவது: வரிசையாக நில்லுங்கள். உங்கள் வீரனைச் சுற்றி இருக்கிற ஆறு கட்டங்களில் எதில் கால் வைத்தாலும் அனேகமாக எந்த எதிரிக்கும் அந்த முறை நடை அத்தோடு சரி. ஆகவே கொஞ்சம் இடைவெளி விட்டு நின்றாலும் வேலி மாதிரிதான். ஆடு புலி ஆட்டத்தில் 15 ஆடு 3 புலியைக் கட்டிப் போடுவது எப்படி? ஆடு எதையும் கடிப்பதில்லை. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது.

சரி, கோபத்துக்கு வருவோம்.

ஆடு புலி ஆட்டத்தில் ஆட்டுக்குப் பெயர் கிடையாது. புளியங்கொட்டை போனால் போகிறது. வெஸ்நாத்தில் நீங்கள் சேர்க்கிற ஒவ்வொருத்தனுக்கும் ஒரு பெயர் உண்டு. முதல் நிலை எதிரியோடு மோதினால் அவனுக்கு அனுபவம் 1 புள்ளி, கொன்றால் 8. புள்ளி நிறைந்தால் மேல் நிலைக்குப் போவான், காயமெல்லாம் ஆறிவிடும். அடுத்த அத்தியாயத்தில், பொதுவாக 20 பொன் கொடுத்தால், அதே ஆள் அதே பெயரோடு வந்து நிற்பான். செத்தால் செத்ததுதான், திரும்ப மாட்டான். பொம்மைகளை வைத்து ஆடுகிற ஆட்டத்தில் நெஞ்சு அடித்துக்கொள்வது இதனால்தான். இந்த ஒரு யோசனைக்காகவே இதைச் செய்தவர்களுக்கு மாலை போடலாம்.

மாலையைப் போட்டுவிட்டுச் சண்டையும் போடலாம். ஏனென்றால் அதே ஆட்கள்தான் ஒவ்வொரு முறையும் ஆட்டத்தைத் தானாகச் சேமித்து வைத்து, லோட் என்று ஒரு பட்டனையும் கொடுத்திருக்கிறார்கள். பிடித்த வீரன் செத்தானா? லோட். கொஞ்சம் மாற்றி ஆடு. இந்தத் தடவை பிழைத்துக்கொள்வான். பட்டன் இருப்பது கூடத் தப்பில்லைங்க. அதை அமுக்கியே தீர வேண்டும் என்கிற மாதிரி நீண்ட கதைகளை அமைத்திருக்கிறார்களே, அதுதான் தப்பு. தேறிய ஆட்களை ஆரம்பத்தில் இழந்துவிட்டால், பிந்தைய அத்தியாயங்களில் புதுப் பையன்களோடு மலையைத் தள்ள வேண்டியிருக்கிறது. 'இழப்பைத் தாங்கு' என்று ஒரு கையால் சொல்லிக்கொடுத்து, 'தாங்காதே, அழித்து எழுது' என்று இன்னொரு கையால் ரப்பரை நீட்டுகிறது.

(ஓர்க் என்றால் பிறவியிலேயே கெட்டவனா என்றும் எனக்கு ஒரு சின்னக் கோபம் இருந்தது. 'சன் ஆஃப் த பிளாக் ஐ' கதையில் ஓர்க்கையே நாயகனாக்கி அதைத் தணித்துவிட்டார்கள்.)

மூன்றாம் நாள் ராத்திரி நானும் அக்கா மகளும் மாறி மாறி லோட் பண்ணிக்கொண்டிருந்தோம். அத்தான் பின்னால் வந்து நின்றார். போன போகத்தில் மழைக்கு அவருடைய பூண்டு பாதி அழுகிப்போயிருந்தது. புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டுதான், 2019-இல் கொடுத்தார்கள். குறியீடு மழையை நிறுத்துமா? மிச்சத்தில் நல்லதாகப் பார்த்து விதைக்கென்று அடுப்புக்கு மேலே புகை படுகிற மாதிரி கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

"செத்தவன் எப்பிடிம்மா திரும்ப வந்தான்?"

"லோட் பண்ணா வந்துருவான்ப்பா."

"அப்ப எதுக்கும்மா இவ்வளவு யோசிச்சு நகத்துறீங்க?"

ரெண்டு பேரும் பதில் சொல்லவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டோம்.

ஊருக்குத் திரும்பிய பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஆறாவது குறிப்பு அப்படி வந்ததுதான்: நடுவில் லோட் கிடையாது. அத்தியாயம் அடியோடு கவிழ்ந்தால் மட்டும் அதே அத்தியாயத்தின் முதல் முறையிலிருந்து. அதற்கேற்ப ஆட்டமும் மாற வேண்டும். இரண்டு நல்ல வீரர்களை மட்டும் ஊட்டி வளர்க்காமல் நாலைந்து பேருக்கு அனுபவத்தைப் பங்கு வையுங்கள். கொல்லும் கடைசி அடியைப் பலவீனமானவனுக்கு விட்டுக்கொடுங்கள். பொன்னை மொத்தமாகக் கரைக்காதீர்கள். மிச்சத்தில் ஒரு பங்கு அடுத்த அத்தியாயத்துக்கு வரும். சீக்கிரம் முடித்தால் அதற்கும் சன்மானம் உண்டு. அடுப்புக்கு மேலே தொங்குகிற விதைப் பூண்டு மாதிரி.

இப்படி ஆடினால் ஜெயிப்பது கஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அத்தான் கேட்டதற்கு ஒரு பதில் கிடைக்கும். நகர்த்துவதற்கு முன்னால் யோசிப்பதற்கு ஒரு காரணம் இருக்கும்.

போன வாரம் ஒரு அத்தியாயம் ஜெயித்தேன். முதல் நாளிலிருந்து கூட வந்த வில்லாளி ஒருத்தன் கடைசி முறையில் போய்விட்டான். கை லோட் வரைக்கும் போனது, திரும்பி வந்தது. அட்டுவம்பட்டிக்குப் போன் போட்டு, ஜெயிச்சுட்டேன் என்றேன்.

"யாரு மாமா செத்தா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

பெயரைச் சொன்னேன்.