திரையில் ஓடும் பாடமும் ஏட்டில் தங்கும் பிழையும்

பொதிகை மலையடிவாரத்துப் பாபநாசத்தில் தொடங்கி, விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி எனத் தாமிரபரணியின் இருகரையிலும் அமைந்துள்ள அரசுப் பள்ளிகளுக்குக் கணினியும் இணையமும் படிப்படியாகவே வந்து சேர்ந்துள்ளன. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், மேல்நிலை மாணவர்களுள் பெரும்பாலோர் கையில் முதன்முறையாக ஒரு கணினியைக் கொடுத்தது. 2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில், கைப்பேசியின் கேமராவைக் காட்டினால் பாடத்தோடு தொடர்புடைய காணொளியைத் திறந்துவிடும் கியூஆர் குறியீடுகள் அச்சாயின. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. அதையொட்டிய ஆண்டுகளில், ‘ஹைடெக் லேப்’ என்று பள்ளிகளில் வழங்கப்படும் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் அமைந்தன. 2023இல் மணற்கேணி செயலி வந்தது. 2024இல் மாநிலம் முழுவதும் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகளை, அதாவது சுவரில் பெரிய திரையும் இணைய இணைப்பும் கொண்ட வகுப்பறைகளை, அமைக்கவும், 79,723 ஆசிரியர்களுக்குக் கைக்கணினி வழங்கவும் அரசு முற்பட்டது.

கருவிகள் வந்துவிட்டனவா என்ற கேள்வி, ஆகவே, பெருமளவு பழையதாகிவிட்டது. அவை வகுப்பறையில் எதை மாற்றியுள்ளன, எதை மாற்றாமல் விட்டுள்ளன என்பதே இன்று ஆராயத்தக்கது. அவ்வாறு ஆராயுமிடத்து ஓர் உண்மை மேலோங்கித் தெரிகிறது: இணையவழியே பள்ளிக்கு இறங்கிவரும் பாடப்பொருள் மிகுதி, பள்ளியிலிருந்து மேலே ஏறிச்செல்லும் புள்ளிவிவரமும் மிகுதி, ஆனால் ஒரு மாணவர் எந்த இடத்தில், எதனால் தவறினார் என்னும் செய்தி, அவருக்குக் கற்பிக்கும் ஆசிரியரிடம் உரிய வேளையில் திரும்பிவருவது மிகக் குறைவு. இந்நடைமுறையின் நிறைகளும் குறைகளும் பெரும்பாலும் இந்த ஒன்றைச் சுற்றியே அமைகின்றன.

நிறைகளைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. இதயத்தின் நான்கு அறைகளையும் கரும்பலகையில் வரைந்துகாட்டும் ஆசிரியர், வால்வு எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்பதைக் கையசைவால்தான் உணர்த்த முடியும். திரையில் அதை ஓடவிட்டு, வேண்டிய நொடியில் நிறுத்தி, ‘இப்போது இரத்தம் எங்கே போகும்?’ என்று கேட்டு, விடை வந்தபின் மீண்டும் ஓடவிடும்போது, அசையும் பொருளைப் பற்றிய பாடம் அசைவோடே விளங்குகிறது. கணிதப் பாடநூல்களில் ‘இணையச் செயல்பாடு’ என்ற தலைப்பில் தரப்பட்டுள்ள ஜியோஜீப்ரா பயிற்சிகளும் இத்தகையனவே. வடிவியல் உருவங்களைத் திரையில் இழுத்து மாற்றிப் பார்க்க உதவும் இந்த இலவச மென்பொருளில், முக்கோணத்தின் ஒரு முனையை மாணவர் தாமே இழுக்க, மூன்று கோணங்களும் மாறிக்கொண்டே இருந்தும் அவற்றின் கூடுதல் 180 பாகையிலேயே நிற்பதைக் காண்கிறார். ஐந்து வகுப்புகளை இருவர் நடத்தும் ஈராசிரியர் பள்ளியிலோ பயன் வேறொரு வகையானது: ஒரு வகுப்பைத் திரையின்முன் அமர்த்திவிட்டு, எழுத்துக்கூட்டத் தடுமாறும் நான்கு பிள்ளைகளிடம் ஆசிரியர் முழுக் கவனம் செலுத்த இயலுகிறது. நகரத்துப் பெரிய பள்ளியை மனத்தில் கொண்டு எழுதப்படும் மதிப்பீடுகள் இந்தப் பயனைக் காணத் தவறுகின்றன.

ஆயினும் அதே திரை, பாடத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்க ஆசிரியர் இல்லாதபோது, அவர்களை அமைதியாக உட்காரவைக்கும் கருவியாக மட்டும் சுருங்கிவிடுகிறது. இடையே நிறுத்தப்படாத காணொளியில் கேள்வி எழுவதில்லை. கேள்வி எழாத இடத்தில் புரியாமை வெளிப்படுவதும் இல்லை. பார்த்தவுடன் விளங்கிவிட்டதுபோல் தோன்றுவதும் ஏட்டில் எழுதும்போதுதான் விளங்கவில்லை என்பது புலனாவதும் பயிற்சியுள்ள ஆசிரியர் அனைவரும் அறிந்தவை.

வெளியிடங்களில் நடந்த ஆய்வுகளும் இதற்குத் துணைநிற்கின்றன. பெரு நாட்டில், ‘பிள்ளைக்கொரு மடிக்கணினி’ என்னும் திட்டத்தின்கீழ் 319 ஊரகத் தொடக்கப் பள்ளிகளில் நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வு, கணினிகளின் எண்ணிக்கை பன்மடங்கு கூடியும் கணிதத்திலும் மொழியிலும் மாணவர் அடைவு உயரவில்லை என்று கண்டது. மாறாக, வதோதரா மாநகராட்சிப் பள்ளிகளில் 2002ஆம் ஆண்டையொட்டி, நான்காம் வகுப்பு மாணவர் இருவருக்கு ஒரு கணினி என வாரம் இரண்டு மணிநேரம் கணித விளையாட்டுப் பயிற்சி அளித்தபோது தெளிவான முன்னேற்றம் கிடைத்தது. பயிற்சி நின்றபின் அதில் பெரும்பகுதி ஓராண்டுக்குள் தேய்ந்தும் போனது. குஜராத்திலேயே நடந்த இன்னொரு சோதனை மேலும் கூர்மையானது: ஆசிரியரின் பாடவேளைக்கு மாற்றாகக் கணினி வந்தபோது பிள்ளைகளின் கற்றல் பின்தங்கியது; அதே மென்பொருள் பள்ளி நேரத்துக்கு வெளியே கூடுதல் பயிற்சியாக வந்தபோது கற்றல் முன்னேறியது. பொறியும் நிரலும் மாறவில்லை. அவை எதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன என்பது மட்டுமே மாறியது.

தில்லியில் ‘மைண்ட்ஸ்பார்க்’ என்னும் மென்பொருளை வைத்து நடந்து, 2019இல் வெளியான ஆய்வு தமிழகத்துக்கு மிகவும் பொருந்தக்கூடியது. ஆறாம் வகுப்பு மாணவர் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்ததை அது அளந்து காட்டியது. மாணவர் உண்மையில் நிற்கும் படியைக் கண்டறிந்து அங்கிருந்தே வினாக்களைக் கொடுக்கும் அம்மென்பொருளை, சிறு குழுக்களாக ஆசிரியர் நடத்திய வகுப்போடு இணைத்தபோது, நாலரை மாதங்களில் கணிதத்திலும் இந்தியிலும் குறிப்பிடத்தக்க வளர்ச்சி தென்பட்டது. ஆனால் பள்ளி நடத்திய வகுப்பளவிலான கணிதத் தேர்வு மதிப்பெண்களில் அவ்வளர்ச்சி வெளிப்படவில்லை; நான்காம் வகுப்புக் கணக்கை அப்போதுதான் தேறிய பிள்ளையை ஏழாம் வகுப்பு வினாத்தாளால் அளந்தால் அந்தத் தேர்ச்சி கண்ணுக்குத் தெரியாது. கணினிவழிக் கற்பித்தலைப் பொதுத்தேர்வுத் தேர்ச்சி விழுக்காட்டால் மட்டும் எடைபோடுவோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களில் நடைபெறும் இணையவழிக் கொள்குறி வினாத் தேர்வை எடுத்துக்கொண்டால், பிழை திரும்பிவருதல் என்பதன் பொருள் விளங்கும். 1/3 உடன் 1/4 ஐக் கூட்டுக என்ற வினாவுக்கு 2/7, 1/12, 1/7, 7/12 என நான்கு விடைத்தெரிவுகள் இருப்பதாகக் கொள்ளலாம். 2/7 ஐத் தெரிந்தெடுத்தவர் தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டியவர். 1/12 ஐத் தெரிந்தெடுத்தவர் கூட்டலைப் பெருக்கலாக மயங்கியவர். 1/7 ஐத் தெரிந்தெடுத்தவர் பகுதிகளை மட்டும் கூட்டிவிட்டுத் தொகுதியை அப்படியே வைத்தவர். மூவரும் பெறும் மதிப்பெண் சுழியமே என்றாலும், மூவருக்கும் தேவைப்படும் பாடம் வெவ்வேறு. முதலாமவருக்கு, ஒரு காகிதத்தை மூன்றாகவும் இன்னொன்றை நான்காகவும் மடித்து, துண்டுகள் அளவொத்தவை அல்ல என்று காட்ட வேண்டும். இரண்டாமவர் குறியைக் கவனிக்கப் பழகினாலே போதும். நாற்பது பேரின் ஏடுகளைத் திருத்தி இந்த வகைப்பாட்டைச் செய்ய ஆசிரியருக்கு ஒரு மாலைப்பொழுது வேண்டும். கணினி அதை நொடியில் செய்யும். கணினியின் தனிவலிமை வேறெதையும்விட இதில்தான் உள்ளது. ஆனால் தவறான தெரிவுகள் இவ்வாறு சிந்தித்து அமைக்கப்படாமல் வாய்க்கு வந்த எண்களாக இருந்தாலோ, தேர்வு முடிந்தபின் சராசரி மதிப்பெண் மட்டும் பள்ளிக்குக் கிடைத்தாலோ, அந்த வலிமை முழுவதும் வீணாகிறது. அளவீடு நடந்ததற்குச் சான்று இருக்கும், அதனால் விளைந்த பாடம் இராது.

இந்த நோக்கில் 2022இல் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் இயக்கத்தின் அடிப்படை எண்ணம் மிகச் சரியானது. பெருந்தொற்றுக் காலத்தில் விடுபட்ட அடிப்படைத் திறன்களைத் தொடக்க வகுப்புகளில் மீட்பதற்காக, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைவாரியாகப் பிரித்து, நிலைக்கேற்ற பயிற்சியைத் தருவது அதன் முறை. ஒவ்வொரு பிள்ளையின் நிலையையும் செயலிவழி மதிப்பிடும்போது பிழை ஆசிரியரின் கண்முன்னே வருகிறது. இடர்ப்பாடு நடைமுறையில் உள்ளது. இணைப்பு நலிந்த ஊரில் ஒரே கைப்பேசியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையாக மதிப்பிட்டுப் பதிவேற்றுவதற்குள் பாடவேளைகள் பல கழிந்துவிடுகின்றன. கற்பிப்பதற்காக அளப்பது என்ற நிலை, பதிவேற்றுவதற்காக அளப்பது என்று மாறிவிடுகிறது. எமிஸ் எனப்படும் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையில் வருகையும் நலத்திட்ட வழங்கலும் உட்பட எண்ணற்ற விவரங்களைப் பதியும் சுமை இதனோடு சேர்ந்துகொண்டபோது, ஆசிரியர் சங்கங்கள் பலமுறை எதிர்ப்புத் தெரிவித்ததில் வியப்பில்லை. நிர்வாகத்துக்கு அத்தரவுகள் தேவை என்பதை மறுக்க இயலாது. அவற்றைப் பதிய வேண்டியவர் வகுப்பில் நிற்கும் ஆசிரியரா என்பதே வினா.

சமவெளியை விட்டு மலையேறினால் நிலைமை வேறாகிறது. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள், காரையாறு, சேர்வலாறு அணைகளை ஒட்டியும் அப்பாலும் வாழும் காணி மக்களின் சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, இஞ்சிக்குழி போன்ற குடியிருப்புகளுக்குக் கம்பியோ கோபுரமோ கொண்டுசெல்ல வேண்டுமானால் வனச் சட்டங்களின் அனுமதியைப் பெற்றாக வேண்டும். அச்சட்டங்கள் காட்டைக் காப்பவை என்பதால் அவற்றை எளிதாகக் குறைகூறவும் முடியாது. பாபநாசம் நீர்மின் நிலையம் 1944 முதல் சமவெளிக்கு மின்சாரம் தந்துவரும் மலை இது என்பதை எண்ணும்போது, அங்குள்ள பிள்ளைகளுக்கு நாடு பட்டிருக்கும் கடன் கூடுதலாகவே தெரிகிறது. பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளில் தொடக்க வகுப்புகள் 2021 நவம்பரில்தான் மீண்டும் திறந்தன. இடைப்பட்ட இருபது மாதங்களில் இணையவழி வகுப்பு என்பது அலைபேசிச் சமிக்ஞை எட்டும் வீட்டுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட கைப்பேசி வாங்க முடிந்த குடும்பத்துக்கும் உரியதாக இருந்தது. சமவெளியிலும், பீடி சுற்றியும் வயல்வேலை செய்தும் பிழைக்கும் வீடுகளில் இருந்த ஒரே கைப்பேசி பெரும்பாலும் வேலைக்குப் போனவரோடு போயிற்று. அக்காலத்தின் இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, குடியிருப்புக்குள்ளேயே மாலைநேரத்தில் தன்னார்வலர் நேரில் கற்பிக்கும் முறையைத்தான் தேர்ந்துகொண்டது. இணையம் எட்டாத பள்ளிக்குப் பாடங்களைச் சேமிப்பகத்தில் நிரப்பிக் கொடுத்து, இணைப்பின்றியே உள்ளூர் வலையமைப்பில் இயங்கச் செய்வது செலவு மிகாத ஏற்பாடு. சூரிய மின்தகடும் ஒரு சிறு கணினியும் இருந்தால் அது நடக்கும். ஆயினும் திட்டங்கள் பெரும்பாலும் இணைப்பு இருப்பதாக வைத்துக்கொண்டே வகுக்கப்படுகின்றன.

பாடப்பொருளின் ஒருமைத்தன்மையும் ஆராயத்தக்கது. மாநிலம் முழுமைக்கும் ஒரே காணொளி என்பது தரத்தைக் காக்கிறது. கூடவே ஊரைப் பாடத்திலிருந்து விலக்கியும் விடுகிறது. சுழலியைப் பற்றிய அசைவுப்படத்தைப் பாபநாசத்து மாணவர் திரையில் பார்க்கிறார். 32 மெகாவாட் திறனுள்ள மின்நிலையம் அருகிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. இணையத்தை இறக்குமதிக் குழாயாக மட்டும் கருதாமல், ஊரை அளக்கும் கருவியாகவும் கொண்டால் பாடம் வேறாகும். பாபநாசம் அணை 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி என்ற முழுக் கொள்ளளவு மட்டங்களை இவ்வட்டாரத்துப் பிள்ளைகள் நாளிதழ்ச் செய்தியாகவே கேட்டு வளர்கின்றனர். நாள்தோறும் வெளியாகும் நீர்மட்டத்தையும் மழையளவையும் ஓராண்டுக்குத் தொகுத்து, கட்டங்களில் எண்களை நிரப்பிக் கணக்கிட்டு வரைபடமாக்க உதவும் விரிதாளில் ஏற்றினால், சராசரி, வீச்சு, வரைகோடு ஆகிய பாடக் கருத்துகள், கார் சாகுபடிக்கு எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்ற வீட்டுக் கேள்வியோடு ஒன்றுசேரும். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது அந்தக் கோடு எவ்வாறு எகிறியது என்று தம் கையால் வரைந்து பார்க்கும் மாணவர், எந்தக் காணொளியும் தராத ஒன்றைக் கற்கிறார். இதற்குப் புதிய திரை வேண்டியதில்லை. ஆய்வகத்தில் ஏற்கெனவே உள்ள கணினிகளும், அவற்றை இவ்வாறு பயன்படுத்த ஆசிரியருக்கு உரிமையும் நேரமும் வேண்டும்.

பார்ப்பதற்குத் தரப்படும் பொருளுக்கும் கையாள்வதற்குத் தரப்படும் பொருளுக்கும் உள்ள வேறுபாடு, பாடநூல்களின் மின்வடிவத்தில் இன்னும் அழுத்தமாக வெளிப்படுகிறது. பாடநூல்கள் அனைத்தும் இணையத்தில் விலையின்றிக் கிடைப்பது பாராட்டத்தக்க பணி. ஆனால் அவற்றுள் பலவற்றில் ஒரு தமிழ்ப் பத்தியைத் தெரிவுசெய்து படியெடுத்து ஒட்டினால், எழுத்துகளுக்கு மாறாகப் பொருளற்ற குறிகளின் தொகுதியே கிடைக்கிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் உலகம் முழுவதும் ஒரே குறியெண்ணைத் தரும் ஒருங்குறி முறையில் அமையாமல், பழைய எழுத்துரு முறையில் அச்சுக்கோக்கப்பட்டதே காரணம். தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று 2010இலேயே ஆணையிட்டது. பழைய முறையில் அமைந்த நூலில் ஒரு சொல்லைத் தேட முடியாது. திரையில் உள்ளதை உரக்கப் படித்துக்காட்டும் என்விடிஏ போன்ற இலவச மென்பொருளாலும் அதைப் படிக்க முடியாது. பார்வையற்றோருக்கென 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளி கண்ட பாளையங்கோட்டை, இந்த ஆற்றுவழியில் பேருந்தில் எட்டும் தொலைவில்தான் உள்ளது. அங்கும் பிற பள்ளிகளிலும் பயிலும் பார்வையற்ற மாணவர்களுக்கு, வாசிப்பவர் ஒருவரை எதிர்பார்த்துக் காத்திராமல் பாடநூலைத் தாமே படிக்கும் வாய்ப்பைக் கணினி முதன்முறையாகத் தருகிறது. அந்த வாய்ப்பை எழுத்துரு தடுத்து நிற்கிறது. அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகுமுன் எல்லாப் பாடநூல்களையும் ஒருங்குறியில் அமைப்பதற்கு எந்தப் பள்ளியிலும் ஒரு கருவிகூடப் புதிதாக வாங்க வேண்டியதில்லை.