வரப்போரம் திரும்பும் வண்டி: ஆர்டுபைலட் ரோவர், ஒரு வயல் சோதனை

டெல்டாவில் தானியங்கி என்றாலே மருந்து தெளிக்கும் ட்ரோன்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் வழிநடத்தும் மென்பொருளின் தரத்தைக் காட்டிக்கொடுப்பது சக்கரம். ட்ரோன் மூலையில் நிற்கும், நின்ற இடத்திலேயே திரும்பிக்கொள்ளும். ஸ்டீயரிங் வைத்த வண்டி ஓடினால்தான் திரும்பும். திரும்ப இடமும் வேண்டும். அந்த இடத்துக்குத்தான் நம் வயல்களில் பஞ்சம். ஒரு மா நிலம் என்பது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. இருபத்தேழு மீட்டர் அகலம், ஐம்பது மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மீட்டருக்கு ஒரு தடம் போட்டாலே பன்னிரண்டு முறை வரப்போரம் திரும்பியாக வேண்டும்.

ஆர்டுபைலட் என்ற வழிநடத்தும் மென்பொருளில் சக்கர வண்டிகளுக்கான பிரிவு ரோவர். அதைப் பாபநாசம் வட்டத்தில், உளுந்து எடுத்துக் காய்ந்து கிடந்த வயலில் ஓட்டிப் பார்த்தேன். முன்சக்கரம் திரும்பும் சிறிய பேட்டரி வண்டி, மேலே சென்டிமீட்டர் துல்லியம் தரும் ஆர்டிகே ஜிபிஎஸ். மேட்டூர் அணை திறப்புக்கு முன்பே வயலின் மேடு பள்ளத்தைக் குறித்துக் கொடுப்பதுதான் அதற்கு வேலை. மேடு தெரிந்தால் லேசர் லெவலர் எங்கே வெட்ட வேண்டும் என்பது தெரியும். தண்ணீர் சமமாக நிற்கும், களை குறையும். நிலத்துக்காரர் கேட்ட முதல் கேள்வியே, "தம்பி, இது வரப்புல ஏறிடாதே?" என்பதுதான். சரியான கேள்வி.

ஆர்டுபைலட்டுக்குக் காசு கிடையாது. நிரல் முழுக்கத் திறந்தே கிடக்கிறது. விமானம், காப்டர், படகு, சக்கர வண்டி எல்லாம் இதில் ஒரே குடும்பம். அந்தக் குடும்ப உறவால் ரோவருக்கு ஒரு குறையும் வந்து சேர்ந்திருந்தது. பழைய பதிப்புகள் பின்பற்றிய எல்1 என்ற வழிமுறை, எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2004-இல் ஆளில்லா விமானங்களுக்காக வெளியிட்டது. போக வேண்டிய கோட்டில் சற்று முன்னால் ஒரு புள்ளியைக் குறிவைத்து ஸ்டீயரிங்கை வளைக்கும். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில், மாற்றாமல் விட்ட அமைப்பில் அந்தப் புள்ளி ஏறக்குறைய 1.9 மீட்டர் முன்னால் இருக்கும். அதைக் கிட்டே இழுத்தால் வண்டி பாம்பு போல நெளியும். தள்ளி வைத்தால் மூலையை வெட்டிக்கொண்டு போகும். வழிப்புள்ளியைச் சுற்றிய வட்டத்தைத் தொட்டதுமே அடுத்த கோட்டுக்குத் தாவிவிடும். வானத்தில் இது பெரிய விஷயமில்லை. வரப்போரம் பெரிய விஷயம்.

புதிய பதிப்புகள் பாதையை முதலிலேயே வகுத்துவிடுகின்றன. எங்கே வேகம் குறைய வேண்டும், மூலையை எப்படி வளைய வேண்டும் என்பதை எஸ்-வளைவு முறையில் கணக்கிட்டு, அந்தப் பாதையில் ஒரு குறியை ஓட விடுகிறது மென்பொருள். வண்டி அதைத் துரத்துகிறது. தடத்தின் முடிவில் வேகம் தானாகத் தணிந்து, திரும்பி முடித்ததும் நெளியாமல் அடுத்த கோட்டில் உட்காருவதைப் பார்க்க உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. உளுந்துத் தாளுக்கு நடுவே சக்கரத் தடங்கள் நூல் பிடித்தது போல் கிடந்தன.

இது தானாக வந்துவிடாது. ஸ்டீயரிங்கைச் சீர்செய்யாமல் வழிப்புள்ளி அமைப்புகளைத் தொடுவது வீண் வேலை. முதலில் அக்ரோ என்ற முறையில் வண்டியைக் கையால் ஓட்டி, கேட்ட திருப்ப வேகமும் கிடைத்த திருப்ப வேகமும் பதிவில் ஒன்றன்மேல் ஒன்று படியும்வரை, கேட்ட திருப்பத்துக்கு ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடிப்பது என்று சொல்லும் ஃபீட்ஃபார்வர்ட் எண்ணை ஏற்ற வேண்டும். வயலிலேயே செய்ய வேண்டும். தார் ரோட்டில் சரியாக வந்த எண், வெடிப்பு விட்ட களிமண்ணில் போதாது. வெடிப்பில் முன்சக்கரம் இறங்கும்போது ஸ்டீயரிங் ஒரு வெட்டு வெட்டும். இடைவெளி விழுந்த இணைப்புக் கம்பி இருந்தால் எந்த எண்ணும் அதைச் சரிசெய்யாது. பட்டறையில் இறுக்கிவிட்டுத்தான் கணினியைத் திறக்க வேண்டும். அடுத்து, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து ஒரு வட்டம் ஓட்டி, டேப்பால் அளந்து திருப்ப ஆரத்தை உள்ளிட வேண்டும். வழிப்புள்ளி வட்டத்தின் இயல்பு அளவு 2 மீட்டர். நான் அரை மீட்டராகக் குறைத்தேன்.

எங்கள் வண்டியின் ஆரம் ஒன்றரை மீட்டர். திரும்பி வர மூன்று மீட்டர் வேண்டும், தடமோ இரண்டு மீட்டருக்கு ஒன்று. அதனால் ஒன்று விட்டு ஒன்றாகத் தடம் போட்டு, மிஞ்சியதைப் பிறகு நிரப்பினோம். மாட்டை வைத்து ஏர் ஓட்டியவர்கள் நிலத்தைப் பகுதி பகுதியாக விளா கோலி உழுததும் இதே காரணத்துக்குத்தான். பாதையைத் திட்டமிடும் மிஷன் பிளானர் மென்பொருளில், விமானங்களுக்கென்று ஒதுக்கிய பகுதியில், தடங்களுக்கிடையே குறைந்தபட்ச இடைவெளி வைக்கும் வசதி இருக்கிறது. சக்கர வண்டிக்கும் அதையே பயன்படுத்துங்கள்.

வயலின் எல்லையைத் திரையில் தெரியும் செயற்கைக்கோள் படத்தை நம்பி வரையாதீர்கள். அந்தப் படம் சில மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கலாம். சில மீட்டர் என்றால் பக்கத்துக்காரர் வயல். ஆண்டெனாவைக் கையில் பிடித்து வரப்பைச் சுற்றி நடந்து மூலைகளைக் குறித்தோம், வண்டி தாண்டக்கூடாத வேலியை மென்பொருளிலும் அதன்படியே போட்டோம். நிலத்துக்காரரின் கேள்விக்குப் பதில் அந்த நடையில்தான் இருந்தது.

வயலின் ஒரு பக்கம் தென்னந்தோப்பு. மட்டைகளின் கீழே போனதும் ஆர்டிகே சென்டிமீட்டர் துல்லியத்தை இழந்தது, வண்டியோ நம்பிக்கையோடு ஓடிக்கொண்டிருந்தது. துல்லியம் போனால் நிற்கும்படி சில வரி லுவா நிரல் சேர்த்தோம். ஆர்டுபைலட் அதற்கு இடம் தருவது பெரிய பலம், ஆனால் வயலில் இறங்கும் வண்டிக்கு இது முதலிலேயே உள்ளே இருக்க வேண்டிய பாதுகாப்பு. திசைகாட்டியும் இரும்புச் சட்டத்தின் அருகே தடுமாறும்; முடிந்தால் இரண்டு ஆண்டெனா வைத்துத் திசையை ஜிபிஎஸ்ஸிலிருந்தே எடுங்கள்.

சேறு கலக்கிய வயலில் இதை இப்போதைக்கு இறக்க மாட்டேன். சக்கரம் வழுக்கும்போது ஸ்டீயரிங் கணக்கு முழுதும் ஆட்டம் காண்கிறது. சக்கரச் சுற்றை எண்ணும் உணரியை ஆர்டுபைலட் ஏற்கும்தான். ஆனால் வண்டி நின்று சக்கரம் மட்டும் சுழன்றால் அந்த எண்ணிக்கையும் பொய்யாகிவிடும். காய்ந்த நிலத்தில் அளவெடுக்கவும், நேரடி விதைப்புக்குக் கோடு போடவும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். பணத்தை முதலில் நல்ல ஆர்டிகே கருவிகளில் போடுங்கள், அடுத்து ஸ்டீயரிங் மோட்டாரில்.